கயிறு பிடிக்கிற வேலை

கடலோரத்தில் பிறந்து, தண்ணீருக்குப் பயப்படாமல் வளர்ந்த இருபது வயதுக்காரர் ஒருவர் ஸ்கூபா பயிற்றுநர் ஆகலாமா என்று யோசிக்கத் தொடங்கினால், தூத்துக்குடியில் அவர் காதில் விழக்கூடிய பதில்கள் இரண்டு வகை. முத்துக் குளித்த ஊர்க்காரனுக்கு எந்த நாட்டுக்காரனோ கொடுக்கும் சான்றிதழ் அட்டை எதற்கு என்பது ஒன்று. அந்தமானில் போய் நின்றால் மீனையும் பவளத்தையும் பார்த்துக்கொண்டே காசு பார்க்கலாம் என்பது மற்றொன்று. ஒன்று தடுக்கிறது, மற்றது உசுப்பிவிடுகிறது. ஆனால் இரண்டும் புறப்படும் இடம் ஒன்றுதான்: பயிற்றுநர் வேலையை முங்குகிற வேலை என்று இரண்டுமே நினைத்துக்கொள்கின்றன. உண்மையில் அது முங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. முத்துக்குளித்துறையின் பழைய தொழிலில் இந்த இரண்டும் தனித்தனியாகவே இருந்தன. கடலடிக்குப் போகிறவர் ஒருவர். அவர் உயிர் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோணியில் நிற்பவர் இன்னொருவர். முதலாமவரை மனத்தில் வைத்துக்கொண்டு பயிற்றுநர் ஆக முடிவெடுப்பவர் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். இரண்டாமவரை வைத்து யோசிப்பவருக்கே சரியான கணக்கு கிடைக்கும்.

பழைய தொழில் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொற்கை முத்தைப் பற்றி எழுதிய முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், பாண்டியனின் முத்துச்சலாபத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் வேலை வாங்கப்பட்டதாகச் சொல்கிறது. முத்துக்குளிப்பின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த வரியை அதிகம் தொடுவதில்லை. பின்னாளில் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் அதைக் கைத்தொழிலாக ஆக்கியபோது, அதைச் சுற்றி ஓர் ஒழுங்கும் வளர்ந்தது. காற்று அடங்கிக் கடல் தெளியும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில், தொளாயிரம் பார் போன்ற முத்துப்பார்களுக்கு, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்கு, தோணிகள் கூட்டமாகப் போகும். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளர்கள்; ஒருவர் கீழே போகும்போது மற்றவர் இளைப்பாறுவார். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்குகிறவர், தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். மேலே நிற்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடத்துக்கு முன்பின்னாகக் கிடைக்கும் நேரத்தில் சிப்பிகளை வாரி வலைப்பைக்குள் போட்டுவிட்டு, குளியாளர் கயிற்றைச் சுண்டுவார். அந்தச் சுண்டலைக் கை உணர்ந்த நொடியில் இழுக்கத் தொடங்க வேண்டும். பேச்சுக்கும் வேடிக்கைக்கும் அங்கே இடமில்லை. மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இந்தப் பக்கத்தில் சொல்லிவருவது உண்டு; தங்கை தாலி அறுப்பதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான் என்பது அதன் கணக்கு. எல்லாத் தோணியிலும் அப்படித்தான் நடந்ததா என்பது வேறு விஷயம். கயிறு பிடிப்பவரிடம் பலத்தைவிட நம்பகத்தைத் தேடினார்கள் என்பது மட்டும் அந்தப் பேச்சிலிருந்து விளங்குகிறது.

தோணியில் இன்னோர் ஆளும் உண்டு: கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடுகிறவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் அடக்குகிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். ஆங்கிலேயர் காலத்திலும் கடல்கட்டி வராமல் குளியாளர்கள் தண்ணீரில் இறங்க மறுத்ததால், மந்திரத்தில் நம்பிக்கையில்லாத அரசாங்கமும் அவருக்குக் கூலி கொடுத்தது. பரதவர்கள் கத்தோலிக்கர்களான பிறகும் அந்தப் பதவி ஒழியவில்லை. மந்திரம் சுறாவைக் கட்டியதா என்று கேட்டுச் சிரிப்பது எளிது. அதைவிடக் கவனிக்கத் தக்கது, சிப்பி ஒன்றைக்கூடக் கையால் எடுக்காத ஒருவருக்கு, ‘இன்று இறங்கலாம்’, ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வதற்காக மட்டும், விளைச்சலில் பங்கு இருந்தது என்பதுதான். பாதுகாப்புக்கும் கூலி உண்டு என்பதை அந்தத் தொழில் ஏற்றுக்கொண்டிருந்தது. இன்று ஸ்கூபா பயிற்றுநருக்குக் கொடுக்கப்படும் காசும் முக்கால்வாசி இதற்குத்தான்.

இன்றைய வேலையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘பாடி’ அமைப்பின் படிக்கட்டு முறையே இந்தியாவில் அதிகம் தெரிந்தது. எஸ்எஸ்ஐ போன்ற வேறு அமைப்புகளும் உண்டு, முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்கியூ, டைவ் மாஸ்டர் என்று ஏறி, 18 வயது நிறைந்து, 100 முங்கல்களாவது பதிவேட்டில் இருந்து, மருத்துவர் சான்றும் கையில் இருந்தால்தான் பயிற்றுநர் தேர்வு எழுத முடியும். இதில் ஒருவர் எவ்வளவு ஆழம் போவார், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார் என்று அளக்கும் இடம் மிகவும் குறைவு. தேர்வில் கேட்கப்படுவது, மாணவர் செய்யும் பிழையைக் கண்டுபிடித்தாரா, நேரத்தில் கை நீட்டினாரா, செய்துகாட்டும்போது மெதுவாகச் செய்தாரா என்பவை. ஓப்பன் வாட்டர் வகுப்பில் கடலுக்குள் ஒரு பயிற்றுநர் அதிகபட்சம் எட்டுப் பேரை அழைத்துப் போகலாம் என்பது விதி. எட்டு என்பது உச்சவரம்பு. கலங்கல் தண்ணீரில் இரண்டு பேரே அதிகம்.

முதல் நாள் வகுப்பு இடுப்பளவு தண்ணீரில் நடக்கும். மாணவர் முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். சொல்லக் கேட்க ஒன்றுமில்லாத காரியம். ஆனால் மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறிய நொடியில், படித்தவர் படிக்காதவர் வித்தியாசமில்லாமல், உடம்பு மேலே பாயப் பார்க்கும். பயிற்றுநரின் ஒரு கை அப்போது அவருடைய ஜாக்கெட் பட்டையில் இருக்க வேண்டும்; கண் அவர் கண்ணில் இருக்க வேண்டும்; மற்ற மாணவர்கள் எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு காற்று தீர்ந்துபோனால் மேலே வரும் பயிற்சி. ஆறு முதல் ஒன்பது மீட்டர் ஆழத்திலிருந்து, ‘ஆ’ என்று சத்தம் எழுப்பி மூச்சை விட்டுக்கொண்டே மாணவர் மேலே வருவார். இதை ஒவ்வொருவருடனும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பதால், நான்கு மாணவர்களுக்கு ஒரு பயிற்றுநர் நான்கு தடவை ஏறி இறங்குகிறார். மாணவர் ஒருமுறை ஏறும் இடத்தில் ஆசிரியரின் காதும் நுரையீரலும் நான்குமுறை அடி வாங்குகின்றன. பவளமும் கிளிமீனும் இந்த வேலையில் பெரும்பாலான நாட்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

இனி, அட்டை எதற்கு என்ற முதல் ஆட்சேபணைக்கு வரலாம். சங்குகுளிக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு முங்கக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில் நியாயம் உண்டு. பார் எங்கே இருக்கிறது, கச்சான் காற்று வீசினால் எந்தப் பக்கம் கலங்கும், நீரோட்டம் எந்த நேரத்தில் திரும்பும் என்பதில் திரேஸ்புரத்துச் சங்குகுளியாளருக்கு முன்னால் எந்தச் சான்றிதழ்காரரும் மாணவர்தான். ஆனால் மூச்சடக்கிக் குளிப்பதும் அழுத்தக் காற்றைச் சுவாசித்துக் குளிப்பதும் உடம்புக்குள் இரண்டு வேறு காரியங்கள். மூச்சடக்குகிறவர் மேலே இழுத்துக்கொண்ட காற்று கீழே போகும்போது சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். நுரையீரல் வெடிக்க வழியே இல்லை. சிலிண்டரிலிருந்தோ குழாயிலிருந்தோ பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு மூச்சு நிறைய இழுத்தவர் அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காகப் பெருகும். நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி இரத்தத்தோடு மூளைக்குப் போக அது போதும். தலைமுறை தலைமுறையாகப் பழகிய மூச்சடக்கும் திறமை, ஸ்கூபாவில் முதல் நாளே கைவிட வேண்டிய பழக்கமாகிவிடுகிறது. ஸ்கூபா வகுப்பின் முதல் விதி எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதே என்பதுதான். பரம்பரை அறிவைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அந்த அறிவு வேறொரு கருவிக்கானது, அவ்வளவே.

அந்த ஆட்சேபணைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பரம்பரைக் குளிப்பு என்று நாம் பேசுவது இன்று பெரும்பாலும் அந்த வடிவில் இல்லை. சங்குகுளிப்பில் மூச்சடக்கும் முறையின் இடத்தை, தூத்துக்குடியிலும் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கங்களிலும், கம்ப்ரசர் பிடித்துக்கொண்டது. படகில் ஓடும் இயந்திரம் காற்றை அடைத்து அனுப்ப, நீளமான பிளாஸ்டிக் குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆட்கள் கீழே மணிக்கணக்கில் தரையைத் துழாவுகிறார்கள். அனுமதியில்லாத முறை என்பது எல்லோருக்கும் தெரியும். நிற்கவில்லை என்பதும் தெரியும். இயந்திரப் புகை காற்றோடு சேர்ந்து குழாய்க்குள் போனால் கார்பன் மோனாக்சைடு மயக்கம். இயந்திரம் நின்றால் காற்றும் நிற்கும். காற்று நிற்பதையாவது உடனே உணரலாம். இரத்தத்தில் சேரும் நைட்ரஜனை உணரவே முடியாது. ஆழமும் நேரமும் கூடக் கூட அது சேர்ந்துகொண்டே போகும். சரசரவென்று மேலே வந்தால் சோடா மூடியைத் திறந்ததுபோலக் குமிழியிட்டு மூட்டிலும் தண்டுவடத்திலும் அடைக்கும். மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் இறங்குகிறவர் ஒருநாள் கால் விளங்காமல் போவது இப்படித்தான். வெறும் மூச்சடக்கும் முறைகூட இதிலிருந்து முழுக்கத் தப்பியதல்ல. பசிபிக்கின் துவாமோட்டுத் தீவுகளில் முத்துச்சிப்பி எடுத்தவர்கள், இடைவெளி விடாமல் நாள் முழுக்க ஆழத்துக்குப் போய் வந்ததால் தலைசுற்றலும் வாதமும் கண்டு விழுந்தார்கள். அந்த நோய்க்கு அங்கே தாரவானா என்று பெயரே உண்டு. இறங்கத் தெரிந்தவர்களுக்கு ஏறத் தெரிவதில்லை என்பதே எல்லா இடத்திலும் கதை. ஏறுவதைக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்றுநர் படிப்பின் சாரம்.

ஆக, படிப்பு தேவையா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைப் படித்துவிட்டு இங்கே பிழைக்க முடியுமா என்பதில்தான் சிக்கல். தூத்துக்குடியில் ஸ்கூபா புதிதாக வந்திறங்கிய பொழுதுபோக்கு அல்ல. 1955-இல் மீண்டும் தொடங்கிய முத்துச்சலாபங்கள் 1961-ஓடு நின்றுபோயின. சிப்பி வளம் அதற்குப் பிறகு சலாபம் நடத்தும் அளவுக்குத் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று பார்க்க, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் போன்ற விஞ்ஞானிகள் தாங்களே சிலிண்டர் மாட்டிக்கொண்டு பார்களில் இறங்கினார்கள். 1970-களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் அந்தக் கணக்கெடுப்பு தொடர்ந்தது. அதே நிலையத்தின் தூத்துக்குடிக் கூடத்தில் 1973-இல் அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார். இப்போது சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிறது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறது. 2010, 2016 ஆண்டுகளின் கடல்வெப்பத்தில் பவளம் வெளிறியதைக் கடலடியிலிருந்தே பதிவு செய்திருக்கிறது. முத்தெடுக்கப் போன கரையில் ஸ்கூபா எண்ணுவதற்கும் நடுவதற்கும் பயன்பட்டிருக்கிறது. இது மதிப்பான வேலை. ஆனால் இதற்கு வேண்டியது கடல் உயிரியல் படித்த, முங்கத் தெரிந்த சில பேர். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர், மிஞ்சினால் இருவர் போதும். ஊரில் ஆண்டுக்கு இருபது பயிற்றுநர்கள் உருவானால் பதினெட்டுப் பேருக்கு இந்தக் கதவு திறக்காது.

சுற்றுலாக் கதவும் இங்கே ஒருக்களித்துத்தான் இருக்கிறது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் அடக்கம். பவளம் நன்றாக இருக்கும் இடமெல்லாம் ஏறக்குறைய அந்த எல்லைக்குள்தான். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே ஆளை அழைத்துப்போய் இறக்க முடியாது. இறக்கவும் கூடாது. 2001-இல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வருவதற்கு முன்பும், அதன் பிறகு சில ஆண்டுகளும், சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததில் தேய்ந்த திட்டுகள் அவை. பழகாத கால்களின் உதையை அவை தாங்கா. பூங்காவுக்கு வெளியே தரை பெரும்பாலும் மணலும் சகதியும். கச்சான் காலத்திலும் வாடைக் காலத்திலும் தண்ணீர் கலங்கிவிடும். கையை நீட்டினால் விரல் தெரியாத நாட்கள் உண்டு. இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட தெளிந்த நாட்களை எண்ணினால் ஆண்டில் சில மாதங்களே தேறும். முத்துச்சலாபம் நடந்ததும் அந்தச் சில மாதங்களில்தான். கடல் நாட்காட்டியை மாற்றிக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் வரும் இடங்கள் அந்தமானின் ஹேவ்லாக், லட்சத்தீவு, கர்நாடகத்தின் நேத்ராணித் தீவு, கோவா, மகாராஷ்டிரத்தின் தார்க்கர்லி. தமிழ் நிலத்துக்கு அருகில் புதுச்சேரியும் சென்னைக்குத் தெற்கே கோவளமும் உண்டு. தூத்துக்குடிக்காரர் பயிற்றுநர் ஆவதென்றால் ஆண்டில் பாதியாவது வெளியூரில் இருப்பது என்று பொருள். மாலத்தீவு, தாய்லாந்து என்று இன்னும் தூரமும் போகலாம். வீட்டில் அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பணக் கணக்கை மூடி மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தொடக்கநிலையிலிருந்து பயிற்றுநர் அட்டை வரை, சொந்தக் கருவிகளும் சேர்த்து, சில லட்சங்கள் ஆகும். அட்டை வந்த பிறகும் ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணம், விபத்துக் காப்பீடு, ரெகுலேட்டர் சர்வீஸ் என்று செலவு நிற்பதில்லை. வருமானமோ பல இடங்களில் சிறிய அடிப்படைச் சம்பளம், அதன்மேல் மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற கமிஷன். மழைக்காலத்தில் மாணவர் இல்லை, கமிஷனும் இல்லை. பயிற்றுநர் கோர்ஸை விற்கிறவர்கள் வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்வதை, கோர்ஸை விற்கிறவர்கள் சொல்வதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கைத்தொழில் ஒன்றையும் வைத்திருப்பவர்கள்: சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரசரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர், படகு ஓட்டத் தெரிந்தவர், நீருக்கடியில் படம்பிடிக்கத் தெரிந்தவர். கடலோரப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டிலும் கை ஏற்கெனவே பழகியிருக்கும். சென்னைக்காரரிடம் இல்லாத மூலதனம் அது. கடலோரப் பிள்ளைகளிடம் குறைவாக இருப்பது ஆங்கிலமும் இந்தியும். பயந்துபோன விருந்தாளி ஒருவரைப் பேசியே அமைதிப்படுத்த வேண்டிய வேலையில் மொழி ஆடம்பரமல்ல.

துறைமுகத்தைக் காட்டி, அங்கே கப்பலடியில் வேலை இருக்கிறதே என்பவர்கள் உண்டு. வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடிப்பகுதியைப் பார்வையிடவும், சுக்கானையும் சுழலியையும் சுத்தம் செய்யவும், தளத்தூண்களைச் சோதிக்கவும் முங்குநர்கள் தேவைதான். ஆனால் அது வணிக முங்கல். மேலிருந்து வரும் காற்றுக் குழாய், தலைக்கவசம், பேச்சுத் தொடர்பு, கீழே வெல்டிங் என்று வேறு பயிற்சி, வேறு சான்று. பொழுதுபோக்கு ஸ்கூபாவின் பயிற்றுநர் அட்டையை அங்கே நீட்டினால் செல்லாது. பணத்துக்காகவும் உள்ளூரிலேயே இருப்பதற்காகவும் நீருக்கடி வேலை தேடுகிறவர், பயிற்றுநர் கோர்ஸில் செலவழிக்கும் காசை அந்தப் பக்கம் போட்டால் அதிகப் பலன் கிடைக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காசை விடுவது நடக்கக்கூடிய தவறு.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. முத்தும் சங்கும் இந்தக் கரையில் ஆண்கள் தொழிலாகவே இருந்தன. ஆனால் ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, சேலைக்குமேல் சட்டை போட்டுத் தீவோரங்களில் முங்கிவருகிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பாசிப் பெண்களின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி விருது கிடைத்தது. கொரியாவின் ஜெஜுத் தீவில் மூச்சடக்கிக் குளிக்கும் ஹேன்யோ பெண்களின் மரபை 2016-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. உடல்வலு பெண்களுக்குத் தடை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் காட்டினால் போதும். பொறுமையும் கவனமும் தேர்வில் எடை போடப்படும் வேலை இது. தண்ணீருக்குள் பெண் பயிற்றுநர் கையைப் பிடித்திருந்தால்தான் இறங்குவேன் என்கிற பெண் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், தூத்துக்குடிக்கு ஸ்கூபா பயிற்றுநர்கள் உண்மையாகவே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது; அது சங்குப் படகு. இதற்கு எதிராக எழும் கேள்விகளே எல்லாவற்றிலும் கடினமானவை. சிலிண்டர் சங்குகுளிக்கு ஒத்துவராது என்பது முதலாவது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று இருக்கும். அதில் 600 லிட்டரை அவசரத்துக்கு ஒதுக்க வேண்டும். மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் சுற்றுலாப்பயணி, பத்து மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் இழுப்பார். முக்கால் மணி நேரம் வரும். தரையைத் துழாவி, பையை இழுத்துக்கொண்டு, மூச்சிரைக்க வேலை செய்யும் சங்குகுளியாளருக்கு அது அரைமணி நேரம்கூட வராது. பிறகு சிலிண்டரை நிரப்பக் கரைக்கு வர வேண்டும். டீசல் ஊற்றினால் நாள் முழுக்கக் காற்றுத் தரும் கம்ப்ரசரை விட்டுவிட்டு யார் இதற்கு வருவார்கள்? இந்தக் கணக்கு சரியானதே. அதனால்தான் ஸ்கூபாவை விற்கப் போகிறவர் அங்கே தோற்றுப்போவார். படகுக்குப் பயிற்றுநர் கொண்டுபோக வேண்டியது சிலிண்டரை அல்ல, சிலிண்டரோடு வளர்ந்த விதிகளை: காற்றை உறிஞ்சும் வாயைப் புகைக்கு எதிர்ப்பக்கம் உயரத்தில் வைப்பது, வடிகட்டி மாட்டுவது, குழாய் நின்றால் பயன்பட இடுப்பில் ஒரு சின்னச் சிலிண்டர், ஆழத்துக்கு இவ்வளவு நேரம் என்ற அட்டவணை, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று ஏறுவது, மேலே கடிகாரத்தோடு ஓர் ஆள். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

இரண்டாவது கேள்வி அதைவிடக் கூர்மையானது. பாதுகாப்பாகக் குளிக்கக் கற்றுக்கொடுத்தால், இன்னும் அதிகம் குளிப்பார்கள். சங்கும் முத்துச்சிப்பி போன வழியே போய்விடாதா? போகலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து, சங்கு சலாபங்களின் கண்காணிப்பாளராக இருந்து, 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் காலத்திலிருந்து, சிறு சங்குகளை எடுக்காமல் விடுவதற்கான கட்டுப்பாடுகள் பேசப்பட்டே வருகின்றன. முழுநாளும் தரையில் கிடக்க வசதி செய்யும் கம்ப்ரசர் இப்போதே அந்தக் கட்டுப்பாடுகளைக் கேலி செய்கிறது. நேர அட்டவணையைக் கடைப்பிடிக்கும் படகு, ஒரு நாளில் கடலடியில் செலவழிக்கும் நேரம் குறையும். சங்குக்கும் அது நல்லதே. இருந்தாலும் பயிற்சி ஒன்றே வளத்தைக் காக்கும் என்று சொல்ல நான் தயாரில்லை. உரிமமும் அளவுக்கட்டுப்பாடும் அதனோடு சேர்ந்து வராவிட்டால் இந்த ஆட்சேபணை அப்படியே நிற்கும்.

மூன்றாவது கேள்வி கூலி. சங்குகுளியாளர் வகுப்புக்குக் காசு கொடுக்க மாட்டார், கொடுக்கவும் இயலாது. சிந்துதுர்க் மாவட்டத்தின் மால்வண், தார்க்கர்லிப் பகுதியில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே ஸ்கூபாப் பயிற்சி நிலையமே நடத்துகிறது. மீனவ இளைஞர்கள் வழிகாட்டிகளாகவும் முங்குநர்களாகவும் வேலைக்கு வந்தார்கள். அங்கே சுற்றுலாவே அடுப்பை எரிக்கிறது. இங்கே அது போதாது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே தூத்துக்குடியில் கூலி வேறு வழியில் வர வேண்டும். மீன்வளத் துறையோ மீனவர் நல வாரியமோ பயிற்சியைத் தன் பொறுப்பில் எடுக்கலாம். கடல் கலங்கி வேலை மந்தமாகும் மாதங்களில் வகுப்பு வைக்கலாம். அதைவிடத் தொழிலுக்குள்ளிருந்தே எழும் வழி, சங்குகுளிப் படகின் உரிமத்தோடு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் படகில் இருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்ப்பது. கடல்கட்டிக்குப் பங்கு கொடுத்த தொழிலுக்கு, கடிகாரம் பார்ப்பவருக்குப் பங்கு கொடுப்பது முடியாத காரியமில்லை. அப்படி ஒரு விதி வந்தால், பயிற்றுநர்களுக்குத் தூத்துக்குடியிலேயே, கீழக்கரையிலேயே மாணவர்கள் இருப்பார்கள். வராதவரை இது சம்பளமில்லாத சேவை. வெளியூரில் சம்பாதித்துக்கொண்டு ஓய்வு மாதங்களில் ஊரில் செய்யலாம், அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

கடன் வாங்குவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தப் படிப்பு படிக்கட்டாக இருப்பதால், எந்தப் படியிலும் நின்றுகொள்ளலாம். ரெஸ்கியூ வரை முடித்தவருக்கு ஒரு மீட்பாளரின் கைப்பழக்கம் கிடைத்துவிடுகிறது. கடலோரத்தில் எந்த வேலைக்குப் போனாலும் அது வீணாகாது. அதற்குமேல் டைவ் மாஸ்டராக ஒரு சீசன் முழுவதும் ஏதாவது ஒரு மையத்தில் சிலிண்டர் சுமக்க வேண்டும், படகில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ண வேண்டும், ஏழாவது தடவையும் அதே முகமூடிப் பாடத்தை அதே பொறுமையோடு நடத்தும் பயிற்றுநர்களைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அந்தச் சீசனில் கவனிக்க வேண்டியது தன்னைத்தான். காசு கட்டிவிட்டு, இரவு பஸ்ஸில் வந்து, கண்ணில் ஆசையோடு நிற்கும் ஒரு குடும்பத்திடம், காற்று மாறிவிட்டது, இன்று இறங்க முடியாது என்று சொல்ல வாய் வருகிறதா? முதலாளி முறைத்தாலும் வருகிறதா? சொல்ல வந்தால் அடுத்த படிக்குப் பணம் கட்டலாம். வராதென்று தெரிந்தால், முங்குவதை விரும்புகிற ஆளாகவே இருந்துகொண்டு, பிழைப்புக்குத் துறைமுகத்து வணிக முங்கலையோ கடல் உயிரியல் படிப்பையோ பார்க்கலாம். இரண்டுக்குமே இந்த ஊரில் இடம் இருக்கிறது.